கார் இரவில் எங்கே நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார கார் வாங்கலாமா என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பேட்டரியின் ஆயுள், ஒரு சார்ஜில் ஓடும் தூரம், ஃபாஸ்ட் சார்ஜிங் நிலையங்கள் எல்லாவற்றையும் பற்றி விவரமாக எழுதியிருந்தார்கள். வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விதான் விட்டுப்போயிருந்தது. கார் இரவில் எங்கே நிற்கும்? அங்கே ஒரு பிளக் பாயிண்ட் உண்டா? மூன்று வருடமாக ஒரே காரைத்தான் ஓட்டுகிறேன். முதல் ஒன்றேகால் வருடம் அந்தப் பாயிண்ட் இல்லாமல் ஓட்டினேன், அதற்கப்புறம் பாயிண்ட் கிடைத்தது. இரண்டும் வேறு வேறு வாழ்க்கை என்பதால் எழுதுகிறேன்.

அடுக்குமாடியில் எனக்கு நிறுத்துமிடம் இருந்தது, மின் இணைப்பு இல்லை. வாரம் இரண்டு முறை பொது சார்ஜரைத் தேடிப் போக வேண்டும். ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்கு, பேட்டரியில் 11 சதவீதத்தோடு போய் நின்றேன். காரில் செருகும் கன், அதாவது சார்ஜரின் கைப்பிடி முனை, இரண்டு உள்ள இடம். ஒன்றின் திரை இருட்டாகக் கிடந்தது. ஆனால் செயலியில் அது பயன்பாட்டுக்குத் தயார் என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஒரு கார் 97 சதவீதத்தில் நின்றது, ஆளைக் காணோம். நாற்பது நிமிடம் கழித்து வந்தவர் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். “சாரி சார், ஃபுல் ஆனா அதுவே நின்னுடும்னுதான் விட்டுட்டுப் போனேன்” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. 80 சதவீதத்துக்கு மேல் ஃபாஸ்ட் சார்ஜரில் ஏற்றுவது எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கார் வாங்கும்போது எனக்கும் சொல்லவில்லை. குடம் நிரம்ப நிரம்ப குழாயைச் சிறிதாக்குகிறோம் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். பேட்டரி நிரம்பும்போது செல்கள் கெட்டுப்போகாமல் இருக்க, காரே மின்சாரத்தைக் குறைத்து வாங்கும். பல கார்களில் 20லிருந்து 80 வரை ஏற ஆகும் நேரம், கடைசி 20 சதவீதத்துக்கும் கிட்டத்தட்ட ஆகிவிடுகிறது. பின்னால் ஒருவர் காத்திருக்கும்போது 80ல் கழற்றிவிடுவது அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

இந்த அலைச்சல் தாங்காமல் ஒரு தவறும் செய்தேன். மற்றவர்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். கீழ்த்தளத்து அண்ணன் அவர் வீட்டுப் பாயிண்டிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் வழியாக இழுத்து காரோடு வந்த சார்ஜரை மாட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் லேசாகக் கருகிய வாடை. பிளக்கைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அதன் ஒரு முள்ளைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. இஸ்திரிப் பெட்டியும் நிறைய மின்சாரம் எடுக்கும்தான், ஆனால் அது சூடானதும் தானே அணைந்து, ஆறியதும் எரியும். கார் அப்படியில்லை. 230 வோல்ட்டில் 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், அதை இரவு முழுக்க இடைவெளியே இல்லாமல் இழுக்கும். இணைப்பு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் போதும், அந்த இடம் கொதிக்கத் தொடங்கிவிடும். எர்த் சரியில்லாத இடத்தில் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுக்கும். சார்ஜர் பழுது என்று நினைத்து அதை ஏமாற்ற வழி தேடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது நம் உயிரைக் காக்கத்தான் மறுக்கிறது.

அப்புறம்தான் குடியிருப்போர் சங்கத்தில் முறையாக எழுதிக் கொடுத்தேன். அனுமதி கிடைக்க ஐந்து மாதம் ஆனது. தீப்பிடித்தால் யார் பொறுப்பு, பில்லை யார் கட்டுவது, நாளைக்கு இருபது பேர் கேட்டால் கட்டடம் தாங்குமா என்று கேட்டார்கள். மூன்றுமே நியாயமான கேள்விகள். முதல் இரண்டுக்கும் பதில் எளிது: தகுதியான எலக்ட்ரீஷியனை வைத்து தனி கேபிள், மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., தனி மீட்டர். மூன்றாவதுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் கார், ஒருநாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து ஏழெட்டு யூனிட்தான் செலவு. அது ஏற மூன்று மணி நேரம் போதும். கார் நிற்பதோ பத்து மணி நேரம். ஆகவே இருபது காருக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும் சார்ஜர்கள் இருக்கின்றன.

பாயிண்ட் வந்த பிறகு சார்ஜைப் பற்றி நினைப்பதே நின்றுபோனது. வந்து இறங்கி கன்னை மாட்டினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும், பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கும். அவ்வளவுதான் வேலை. எட்டு மணி நேரத்தில் 120, 130 கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏறிவிடுகிறது. என் காரின் கையேட்டில் உள்ளபடி தினசரிக்கு 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள், அதை அவரவர் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெடும்பயணமும் போகிறேன். வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு பல மடங்காகக் கூடுவதால் நெடுஞ்சாலையில் தூரம் குறையும். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, 20க்கு இறங்கும் முன் நிறுத்தி 80ல் கிளம்பினால் சிரமமில்லை. வருடத்தில் நான்கைந்து நாள் வேலை அது. மற்ற நாட்கள்தானே வாழ்க்கை?

அதனால்தான் எத்தனை ஃபாஸ்ட் சார்ஜர் திறந்தார்கள் என்ற கணக்கை மட்டும் வைத்துப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. திறந்ததில் இன்று எத்தனை வேலை செய்கிறது என்றும் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், கார் மணிக்கணக்கில் சும்மா நிற்கும் அலுவலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் 3 கிலோவாட், 7 கிலோவாட் பாயிண்டுகள் வர வேண்டும். அவற்றை அமைக்கும் செலவு குறைவு, பேட்டரிக்கும் நல்லது. புதிதாகக் கட்டுகிறவர்கள் நிறுத்துமிடத்துக்கு வயர் போகும் பைப்பை மட்டுமாவது இப்போதே போட்டு வைக்கட்டும். கான்கிரீட் போட்ட பிறகு உடைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். சொந்தப் போர்ட்டிகோ இல்லாத வீடுகளில்தான் எத்தனையோ பேர் இருக்கிறோம். இந்தக் கார் எங்களுக்கும் சேர்த்துத்தான் என்றால் எங்கள் நிறுத்துமிடத்தைப் பற்றியும் உங்கள் இதழ் விரிவாக எழுத வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் இப்போது இன்னும் இரண்டு பேர் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் அந்தக் கீழ்த்தளத்து அண்ணன். எனக்குப் போட்ட கேபிளின் அளவு, மீட்டர், அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் நகலெடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு ஐந்து மாதம் ஆனது அவர்களுக்கு ஐந்து வாரத்தில் முடிய வேண்டும் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்