தீபாவளி விடுமுறை: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. காலாண்டுத் தேர்வில் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்புகளில் சின்னப் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியிருக்கிறது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் ஆடிப் பாடி, மாறுவேடமிட்டு நல்ல பெயர் வாங்கித் தந்தார்கள். காலை உணவும் சத்துணவும் தடையில்லாமல் நடக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும், கழிப்பறைக் கதவுகளைச் சரிசெய்து கொடுத்த பெற்றோருக்கும் நன்றி. தேர்வுத் தாள்களைப் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பாதவர்கள் தயவுசெய்து இந்த வாரத்துக்குள் அனுப்பிவையுங்கள்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற வாரம் மதிய இடைவேளையில், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சுற்றுச்சுவர் ஓரமாகக் கூடியிருந்தார்கள். வெடிகளைப் பிரித்து, உள்ளே இருந்த மருந்தை நோட்டுத் தாளில் கொட்டித் தீப்பெட்டியால் கொளுத்தியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்குப் புருவமும் முன்நெற்றி முடியும் கருகிவிட்டன. கண் தப்பியது. வகுப்பாசிரியர் உடனே தண்ணீரில் முகம் கழுவவைத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அந்தப் பிள்ளை இப்போது நலமாக வகுப்புக்கு வருகிறது. அது யார் என்று இந்தக் கடிதத்தைப் படிப்பவர்கள் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று அங்கே நின்ற பிள்ளைகள் எல்லோருமே நல்ல பிள்ளைகள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: “போன தீபாவளிக்கு மறுநாள், தெருவுல.”

அந்தப் பதில் என் மனதை விட்டுப் போகவில்லை. தீபாவளியன்று நாம் எல்லோரும் கொஞ்சமாவது கவனமாக இருக்கிறோம். மறுநாள் காலையில் பெரியவர்கள் அசந்து தூங்குகிறார்கள், அல்லது வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தெருவெல்லாம் காகிதக் குப்பை. அதற்குள் வெடிக்காமல் போன லட்சுமி வெடியும் குருவி வெடியும் கிடக்கும். பிள்ளைகள் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் அவற்றைப் பொறுக்கப் போய்விடுவார்கள். நானும் அப்படிப் பொறுக்கிய தலைமுறைதான், உங்களில் பலரும் அப்படித்தான். அதனாலேயே அது நமக்கு ஆபத்தாகத் தெரிவதில்லை.

திரி இருக்கும் வெடி நமக்குச் சில நொடிகள் தருகிறது. பற்றவைத்துவிட்டு ஓடி வந்துவிடலாம். பிரித்துக் கொட்டிய மருந்துக்குத் திரி கிடையாது. அலுமினியத் தூளும் கந்தகமும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த அந்தப் பொடி, நெருப்புப் பட்ட அதே கணத்தில் குப்பென்று எழும்பும். தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோகிற பிள்ளை குனிந்துதான் இருக்கும். அதன் முகம் நேராக மேலே இருக்கும். கண்ணும் புருவமும் விரல்களும்தான் முதலில் பாதிக்கப்படுகின்றன. பற்றவைத்து வெடிக்காத வெடியைக் கையில் எடுப்பதும் அப்படியே. உள்ளே எங்கேயாவது கனன்றுகொண்டிருக்கிறதா என்று வெளியே பார்த்தால் தெரியாது.

ஆகவே என் முதல் வேண்டுகோள் மறுநாள் காலையைப் பற்றியது. தீபாவளி இரவே, படுக்கப் போகும் முன், உங்கள் வாசலில் வெடிக்காமல் கிடப்பவற்றின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நன்றாக ஊறிய பிறகு பெரியவர்களே கூட்டி அள்ளுங்கள். ஒரு தெருவில் நாலு வீடு இதைச் செய்தாலே பிள்ளைகளுக்குப் பொறுக்க ஒன்றும் மிஞ்சாது.

கம்பி மத்தாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வெடிக்காது என்பதால் இரண்டு வயதுக் குழந்தை கையிலும் கொடுத்துவிடுகிறோம். எரிகிற மத்தாப்பின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில் என்பதை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் கைக்குழந்தை, இன்னொரு கையில் மத்தாப்பு என்று போட்டோவுக்கு நிற்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் பார்த்து ரசிக்கட்டும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒன்று, கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, பக்கத்தில் நீங்கள் நின்று கொடுங்கள். எரிந்து முடிந்த கம்பி கறுத்துப்போய்ச் சாதுவாகத் தெரியும், ஆனால் வெகுநேரம் சூடு ஆறாது. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் மிதித்து உள்ளங்காலைப் புண்ணாக்கிக்கொள்வது அந்தக் கம்பியால்தான். பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீரோ மணலோ வைத்து, எரிந்த கம்பியை அதில் போடப் பழக்குங்கள். செருப்புப் போடாத பிள்ளைக்கு மத்தாப்பு கிடையாது என்று ஒரு விதி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

பாம்பு மாத்திரையும் இப்படித்தான். சத்தமில்லை, பொறியில்லை என்று சின்னப் பிள்ளைகளுக்கென்றே வாங்குகிறோம். புனேயில் உள்ள செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016இல் பிள்ளைகள் வழக்கமாகக் கொளுத்தும் ஆறு வகைப் பட்டாசுகளை எரித்து அளந்தபோது, மிக அதிகமான நுண்துகளை வெளியிட்டது இந்தப் பாம்பு மாத்திரைதான். அதைச் சுற்றிக் குந்தியிருந்து குனிந்து பார்ப்பவர்கள் நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். வீசிங் இருக்கிற பிள்ளைகளின் பெற்றோர் அதை வாங்கவே வேண்டாம். இன்ஹேலரையும் மருந்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். அன்றைக்கு மருந்துக் கடைகள் பாதி பூட்டித்தான் இருக்கும்.

பட்டாசை மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாட்களில் பல வீடுகளில் அடுப்பைத் தரையில் இறக்கி வைத்துத்தான் முறுக்கும் அதிரசமும் சுடுவார்கள். தவழும் குழந்தைக்கும் அந்த எண்ணெய்ச் சட்டிக்கும் உயரம் ஒன்றாகிவிடுகிறது. சட்டியை மேடையில் வையுங்கள், கைப்பிடியை உள்பக்கம் திருப்பி வையுங்கள். முடியாவிட்டால், சுடுகிற நேரம் முழுக்கக் குழந்தையை இன்னொருவர் வேறு அறையில் வைத்திருக்கட்டும். விடிகாலை எண்ணெய்க் குளியலுக்கு பக்கெட்டில் ஹீட்டர் ராடு போடுகிறவர்கள், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். அரைத்தூக்கத்தில் எழுந்து வரும் பிள்ளை நேராகக் கையை விட்டுவிடும். புதுத்துணி எவ்வளவு ஆசையாக எடுத்திருந்தாலும், பட்டாசு நேரத்துக்கு உடம்போடு ஒட்டிய பருத்தி உடையை மாற்றிவிடுங்கள். நைலான், பாலியஸ்டர் பாவாடை தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க 2018 முதல் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று இரண்டு மணி நேரம்தான் அனுமதி. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரில் பிறப்பித்த உத்தரவை ஒட்டி வந்த கட்டுப்பாடு இது. சரவெடிக்குத் தடை விதித்ததும் அதே உத்தரவுதான். இதைப் பலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வசதி என்று நான் நினைக்கிறேன். நாள் முழுக்கப் பிள்ளைக்குக் காவல் இருக்க யாராலும் முடியாது. இரண்டு மணி நேரம் கூடவே நிற்க எல்லோராலும் முடியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. மதிய இடைவேளைச் சம்பவத்துக்குப் பிறகு சில பெற்றோரிடம் பேசினோம். “பட்டாசுன்னா கொஞ்சம் சுடத்தான் செய்யும் டீச்சர், நாங்கள்லாம் இப்படித்தான் வளர்ந்தோம்” என்றார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். எட்டு வயதுப் பிள்ளையின் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தால் அது பிள்ளையின் குற்றம் அல்ல. வீட்டிலிருந்துதான் அது வந்திருக்கிறது. கடைக்குப் போய் வா என்று காசு கொடுத்து, பட்டாசு வாங்கிவரப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதும் சரியல்ல. நாளை முதல் காலையில் பள்ளி தொடங்கும்போது வகுப்பாசிரியர்கள் பைகளைப் பார்ப்பார்கள். பொட்டு வெடி, ரோல் கேப் உட்பட எதுவாக இருந்தாலும் எடுத்துவைத்து, பெற்றோர் நேரில் வந்த பிறகே பிள்ளையை வகுப்பில் உட்காரவைப்போம். இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை. தயவுசெய்து சிபாரிசுக்கு வர வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பயப்படுகிற பிள்ளையை இழுத்துவந்து திரியைப் பற்றவைக்கச் சொல்லாதீர்கள். “ஆம்பளப் புள்ள இதுக்குப் போய் அழலாமா” என்று பத்துப் பேர் சிரிக்கும்போது, அந்தப் பிள்ளை நடுங்கும் கையோடு ஊதுவத்தியை நீட்டும். கை நடுங்கினால் திரி சரியாகப் பற்றாது. பற்றியதா இல்லையா என்று பார்க்க அது மறுபடியும் குனியும். விபத்து அங்கேதான் நடக்கிறது. மூன்று நான்கு வயதில் வெடிச்சத்தத்துக்குக் காதைப் பொத்துவது இயல்பு. ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும், பாட்டி மடியில் உட்கார்ந்து பார்க்கட்டும். வயது வந்தால் தானாகவே வாசலுக்கு வரும்.

நம் பள்ளிப் பெற்றோரில் நிறையப் பேர் ஜவுளிக்கடையிலும் பலகாரக் கடையிலும் வேலை செய்கிறீர்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு நடுநிசி வரை நின்று, காலோய்ந்து வீடு திரும்புகிறீர்கள். பஸ் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி டியூட்டி பார்க்கிறவர்கள் அன்றைக்கும் வேலைக்குப் போகிறீர்கள். உங்களிடம் போய்ப் பிள்ளையைப் பக்கத்திலேயே இருந்து பாருங்கள் என்று சொல்வது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்: பக்கத்து வீட்டு அண்ணனிடமோ அக்காவிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு தெருவில் காலையில் ஒருவர், இரவில் ஒருவர் என்று முறை போட்டுக்கொண்டால் எல்லாப் பிள்ளைகளையும் ஓர் இடத்தில் கூட்டி வெடிக்கவைக்கலாம். யாருமே கிடைக்காத வீட்டில், பெரியவர் வந்த பிறகுதான் பட்டாசுப் பெட்டி திறக்கும் என்று அதைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். பிள்ளை அழும், அழட்டும்.

கவனத்தை மீறி ஏதாவது நடந்துவிட்டால் செய்ய வேண்டியதை வீட்டில் உள்ள எல்லோருக்கும், முக்கியமாகத் தாத்தா பாட்டிக்கும், சொல்லிவையுங்கள். துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். இதை வகுப்பில் விளையாட்டாகவே பழக்கியிருக்கிறோம், வீட்டில் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். சுட்ட இடத்தைக் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பேனா மையும், பற்பசையும், மஞ்சளும், காப்பிப் பொடியும் வேண்டவே வேண்டாம். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் பிள்ளை துடித்துப்போகும். வீக்கம் வருமுன் வளையல், மோதிரம், அரைஞாண் இவற்றைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி அழைத்துப் போங்கள். கண்ணில் பட்டால் தேய்க்கவோ அழுத்தவோ விடாமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101. இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளின் டைரியில் எழுதவைத்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன வேலைகளும் கொடுங்கள். வாசல் கோலத்துக்கு வண்ணம் போடுவது, பலகாரத் தட்டைத் துணி மூடி நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, தாத்தாவுக்கு லேகியம் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்களுக்கும் பிடிக்கும். விடுமுறைக்கென்று நாங்கள் வீட்டுப்பாடம் எதுவும் கொடுக்கவில்லை.

பட்டாசு பற்றி வகுப்பில் பேசியபோது ஒத்துழைத்த பெற்றோருக்கும், தங்கள் பிள்ளையிடம் இருந்த வெடிகளைத் தாங்களாகவே கொண்டுவந்து ஒப்படைத்த இரண்டு தாய்மார்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. சம்பவத்தன்று பதறாமல் பேசி, யாரையும் குறை சொல்லாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அந்தக் குடும்பத்துக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. வேலைக்கு நடுவிலும் இந்த நீண்ட கடிதத்தைப் பொறுமையாகப் படித்ததற்கு உங்கள் எல்லோருக்கும் நன்றி. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதை வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். சொந்த ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும் தேதியை வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கீழே உள்ள சீட்டில் கையெழுத்திட்டு, விடுமுறைக்கு முந்தைய வேலைநாளுக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்