சாலையோர மரங்கள்: குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. சந்தா வசூல் சென்ற ஆண்டைவிடப் பரவாயில்லை. பாக்கி வைத்திருப்போர் பெயரைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் அவர்கள் இன்று நிம்மதியாக உட்காரலாம். இரண்டாம் தெருவில் விளக்கு எரிகிறது. குப்பை வண்டி வருகிறது. வரும் நேரம் மட்டும் அதன் விருப்பம். நாய்த் தொல்லை குறித்த மனு நிலுவையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கை முழுவதும் மரங்களைப் பற்றியது. சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஆண்டு அதற்கே போனது. கூட்டங்களில் குரல் உயர்ந்ததும் அதற்காகத்தான்.

சாலையை அகலப்படுத்தியபோது நம் நகரின் முன்பக்கம் நின்ற புளியும் வேம்பும் வாகையும் போய்விட்டன. திருநெல்வேலி-தென்காசி சாலை நான்கு வழியானபோது வழிநெடுக நிழல் போனதைப் பஸ்ஸில் இருந்தே பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் நாம். நம் வாசலில் நடந்தபோதுதான் உறைத்தது. வெயிலை எதிர்பார்த்தோம். மறைப்பு போகும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. புதிய சாலை பழையதைவிட இரண்டடி உயர்ந்துவிட்டதால் ஆறடிச் சுற்றுச்சுவர் சாலைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் நாலடிதான். பஸ்ஸில் ஜன்னலோரம் போகிறவர் முதல் வரிசை வீடுகளில் இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம். "பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பதற்கா அண்ணாச்சி கடன் வாங்கி வீடு கட்டினோம்?" என்று முதல் வரிசை வீட்டு அம்மா ஒருவர் தலைவரைக் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே ஆவணியில் சிறப்புக் கூட்டம் கூட்டினோம்.

வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று என்பது இப்போது வழக்கமான நிபந்தனை. ஆனால் பத்தும் வெட்டிய இடத்திலேயே வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வேறு எங்கோ நட்டுக் கணக்கு முடிந்துவிடக்கூடும். ஆகவே சுவருக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள துண்டு நிலத்தில் எதை நடுவது என்பதை நாமே முடிவு செய்து, உரிய அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கினோம். அந்த அலுவலகத்துக்கு அலைந்த கதையை இங்கே விரிக்கவில்லை.

சிறப்புக் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டது கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரம். ஒரே ஆண்டில் சுவரை மறைக்கும், ஆடு தொடாது, எப்போதும் பச்சை என்று நர்சரிக்காரர் சொன்னதாக ஓர் உறுப்பினர் செல்போனில் படமே காட்டினார். அதன் வேர் குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் தேடிப் போய்த் துளைக்கும், பூக்கும் காலத்தில் மகரந்தம் ஒவ்வாமையைக் கிளப்பும் என்ற புகாரால் குஜராத் அரசு 2023-லேயே அதைத் தடை செய்தது என்று நம் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர் எடுத்துச் சொன்னார். பாதிப் பேர் அவரை நம்பவில்லை. வாக்கெடுப்பில் கொஞ்ச வித்தியாசத்தில்தான் கோனோகார்ப்பஸ் தோற்றது. 2025-இல் தமிழ்நாடு அரசே தடை விதித்தபின் ஆசிரியருக்குச் சங்கத்தில் மதிப்பு கூடியிருக்கிறது. வீட்டு வளாகத்துக்குள் தனியாக நட்டுவிட்டவர்கள் வேர் தடிப்பதற்குள் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து நெட்டிலிங்கம். ஒல்லியாக, நெருக்கமாக, வரிசையாக நிற்கும், மறைப்புக்கு நல்லதுதான். ஆனால் நிழல் தராது. காய்க்கும் காலத்தில் வௌவால்கள் வந்து விதையைக் காரின் மேல் துப்பும். மூங்கில் வைக்கலாம், மூங்கில் காடு என்று பொருள்படும் வேணுவனம் என்பதே நம் திருநெல்வேலியின் பழம்பெயர் அல்லவா என்று ஒருவர் கேட்டார். நெல்லையப்பர் மேல் பாரத்தைப் போட்டதும் யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை. கடைசியில் பாம்பு பயத்தைச் சொல்லித் தாய்மார்கள் மறுத்தார்கள்.

இத்தனை வாக்குவாதத்துக்கும் காரணம், நிழல், மறைப்பு என்ற இரண்டு வேலையையும் ஒரே மரத்தின் தலையில் கட்டப் பார்த்ததுதான் என்பது என் கருத்து. சாலை நிழலுக்கு நிற்கும் மரம் பஸ்ஸின் உயரத்துக்கு மேல் கிளை பிரிந்தால்தான் உரசாது. கண்ணை மறைப்பதோ தரையில் இருந்து எட்டடி வரைக்கும் இருக்கும் இலை. ஆகவே சுவரை ஒட்டிப் புதர், அதற்கு வெளியே மரம் என்று இரண்டு வரிசையாகப் பிரித்தோம். எட்டுகிற காரியமாக இது வந்தபின் கூட்டம் விரைவாக முடிந்தது.

புதர் வரிசைக்கு நொச்சியும் ஆடாதோடையும். இரண்டும் குச்சி வைத்தாலே பிடித்துக்கொள்ளும். ஆடு வாய் வைக்காது. மூன்றடிக்கு ஒன்றாக இரட்டை வரிசையில் மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு மழைக்குள் அடைத்துவிடும். அரளியும் பேச்சில் வந்தது. விஷச்செடி என்பதால் பள்ளி வேன் நிற்கும் வாசல் பக்கம் வேண்டாம் என்று விட்டோம். தெரு சாலையில் சேரும் முனைகளில் புதரே வைக்கவில்லை. திரும்புகிற வண்டிக்கு வருகிற வண்டி தெரிய வேண்டும்.

மர வரிசையில் பெரும்பாலும் புங்கன். மாசி, பங்குனியில் இலை கொட்டினாலும் சித்திரை வெயில் ஏறுவதற்குள் தளிர்த்துவிடும். தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் நம் கீழ்க்கோடி எப்படிக் குளமானது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் வேம்பு வைத்தால் வேர் அழுகிவிடும். வேம்பை மேட்டுப் பகுதியில் மட்டும் வைத்தோம். சில ஆண்டுகளாகப் பனிக்காலத்தில் வேம்பின் நுனிக்கிளைகள் கருகுகின்றனவே என்று சிலர் தயங்கினார்கள். அது தேயிலைக் கொசு என்ற பூச்சி சாறு உறிஞ்சுவதாலும் பூஞ்சையாலும் வருவது. மரம் பெரும்பாலும் திரும்பத் தளிர்த்துவிடும். கால்வாய் ஓரத்து ஈரத்தில் மருதம். திருப்புடைமருதூரில் தலமரமாக இருப்பது, தாமிரபரணிக் கரைக்குச் சொந்தமானது. ஈரம் இல்லாத இடத்தில் வைத்தால் குன்றிப்போகும். மின்கம்பிக்கு நேர் கீழே சரக்கொன்றையும் மந்தாரையும். அங்கே உயர்ந்த மரம் வைத்தால் மின்வாரியம் ஆண்டுதோறும் தலையைச் சீவிவிடும். செம்மயில்கொன்றை என்ற குல்மொகர் பார்க்க அழகு, ஆனால் ஆனி, ஆடியில் மேற்குக் கணவாய்களின் வழியே இறங்கும் காற்றுக்குக் கிளை முறியும் மரம். கீழே பஸ் நிறுத்தம் இருப்பதால் தவிர்த்தோம்.

கன்று வாங்கப் போன இடத்தில் ஆசிரியர் செய்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஐந்தடி உயரத்தில் தளதளவென்று நின்ற ஒரு புங்கன் கன்றின் பையைக் காசு கொடுத்து வாங்கி, அங்கேயே பிளேடால் கிழித்தார். ஆணிவேர் பையின் அடியில் முட்டி, மடங்கி, கொடி மாதிரி மூன்று சுற்றுச் சுருண்டிருந்தது. "மேலே ஐந்தடி, கீழே முடிச்சு. ஆடிக்காற்றில் முதலில் சாய்வது இதுதான்" என்றார். அதன்பின் முழங்கால் உயரக் கன்றுகளையே எடுத்தோம். கடைக்காரருக்கு முகம் வாடியது.

மூன்றடிக்கு மூன்றடிக் குழியில் தோண்டத் தோண்ட ஜல்லியும் தார்க்கட்டியுமே வந்தன. அதை அள்ளிவிட்டு, நம் உறுப்பினர் தம் வயலில் இருந்து அனுப்பிய வண்டல் மண்ணும் சாணி எருவும் கலந்து நிரப்பி, ஐப்பசி மழை பிடித்ததும் நட்டோம். வாய்க்கால் முனையில் பூவரசம் போத்து, அதாவது கிளைத்துண்டு, ஊன்றியவர் நான்காம் தெரு ஆச்சி. கைப்பிடி கனத்தில் வெட்டிய போத்தின் மேல்முனையில் பசுஞ்சாணியை உருண்டையாக அப்பினார். வெயில் முனையை உலர்த்தாமல் இருக்க அதுதான் வைத்தியம் என்றார். தை பிறந்தபோது சாணிக்குக் கீழே இளம் பச்சையில் மூன்று தளிர் எட்டிப் பார்த்தன. அதன் இலையை ஆடு விடாது என்பதால் முள் கட்டிக் காக்கிறோம்.

இப்போதைய நிலை: புங்கனும் மருதமும் அநேகமாக எல்லாம் பிழைத்துவிட்டன. நொச்சி இடுப்பளவு வந்திருக்கிறது. சரக்கொன்றையில் சிலவற்றை வண்டி திருப்புகிறவர்கள் இடித்துவிட்டார்கள். மேட்டுப் பகுதி வேம்புகளில் கூண்டு இல்லாதவற்றை ஆடுகள் மொட்டையடித்துவிட்டன. ஆட்டுக்காரர் மேல் புகார் கொடுக்க வேண்டும் என்றும், அவர் நம் நகருக்கு முந்தியே இங்கே மேய்த்தவர் என்றும் இருவேறு கருத்து உண்டு. நான் இரண்டாவது கட்சி. கூண்டு வாங்கினால் தீர்ந்தது.

இந்தப் பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, மேட்டுப் பகுதி வேம்புகளுக்கு இரும்புக் கூண்டு வாங்க வீட்டுக்கு வீடு சிறப்புச் சந்தா வசூலிப்பது. இரண்டு, மாசி முதல் ஆனி வரை டேங்கர் தண்ணீர் ஊற்றும் முறையைத் தெருவாரியாகப் பிரித்துக்கொள்வது. முதல் வரிசை வீடுகளே முழுப் பொறுப்பையும் ஏற்கட்டும் என்று பின்தெருக்களில் பேச்சு இருப்பது எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்தில் நிழலுக்கு நிற்பது எல்லாத் தெருக்காரர்களும்தான் என்பதைக் கருத்தில் கொண்டு முடிவு செய்யுங்கள். தீர்மானங்கள் நிறைவேறினால் கூண்டுக்கான விலைப்பட்டியலைப் பொருளாளர் இப்போதே வாசிப்பார்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்