சித்தப்பா, புதுக் கிற்றார் வேண்டாம்

அன்புள்ள சித்தப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எடுத்த நேரம் இங்கே கிளிநொச்சியில் நல்ல மழை. தகரக் கூரை இரைச்சலில் பாதிக் கதை விளங்கவில்லை. "பழசை விடு, புதுக் கிற்றார் ஒன்று வாங்கி அனுப்புறன்" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. நானும் ஓம் என்றுவிட்டேன். போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. இதைப் பொதுவில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பரந்தனிலும் மாங்குளத்திலும் இதே மாதிரி மலிவுக் கிற்றார் வைத்திருக்கும் பெடியள் என்னிடம் இதே பிரச்சினையைத்தான் சொல்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

புதுக் கிற்றார் வேண்டாம் சித்தப்பா. ஒரேயொரு உருக்குத் துண்டு அனுப்புங்கள், போதும்.

நீங்கள் வாங்கித் தந்த இந்தக் கிற்றாரின் கழுத்து பத்து வருடமாக என் கைக்குப் பழகியது. வெயிலுக்கும் மாரிக்கும் வளையவில்லை. மரத்தில் ஒரு குறையும் இல்லை. குறை ஒன்றுதான், சுரம் நிற்பதில்லை. மெதுவான பாட்டில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால், பாடுபவர் மூச்சு எடுப்பதற்கு முன்பே அது செத்துவிடும். கன காலம் என் விரலில்தான் பிழை என்று நினைத்து நினைத்துப் பழகினேன்.

பிறகு ஒருநாள் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வடிவாகப் பார்த்தேன். உள்ளே சுருள்வில்கள், அவை கொளுவியிருக்கும் ஒரு உலோகக் கட்டி. அதுதான் ட்ரெமோலோ பிளொக். ஆறு தந்திகளின் குண்டு முனைகளும் அதன் துளைகளுக்குள் போய்த்தான் உட்காருகின்றன. மேலே தந்திகள் ஒரு பக்கம் இழுக்க, பின்னே சுருள்வில்கள் மறுபக்கம் இழுக்க, நடுவில் நின்று இரண்டையும் தாங்குவது இந்தக் கட்டி. கட்டியில் பூட்டி முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியை அழுத்தினால் கட்டி சாயும், தந்தி தளரும், சுரம் இறங்கும். ட்ரெமோலோ என்று பெயர் வந்ததே பிழையாகத்தான். ட்ரெமோலோ என்பது ஒலி கூடிக் குறைவது. சுருதி அசைவதற்கு வைப்ராட்டோ என்றுதான் பெயர். பென்டர் கிற்றார் கம்பனியைத் தொடங்கிய லியோ பென்டர் அப்படிப் பெயர் வைத்தார், அது நிலைத்துவிட்டது.

அவர் 1954 இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிற்றாரை வெளியிட்டபோது இந்தக் கட்டியை உருக்கில்தான் செய்தார். 1965 இல் அவருடைய கம்பனி சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1970களில் உருக்கை விட்டு அச்சில் வார்த்த நாக (சிங்க்) உலோகக் கலவைக்கு மாறினார்கள், செய்வதற்கு மலிவு. இன்றைக்கு விலை குறைந்த கிற்றார்களில் பெரும்பாலும் அந்த நாகம்தான், அதையும் மெல்லிசாக்கி வைத்திருக்கிறார்கள். கட்டி பாரமாகவும் இறுக்கமாகவும் இருந்தால் தந்தியின் அதிர்வு தந்தியிலேயே தங்கும். மெல்லிய கட்டி தானும் சேர்ந்து ஆடி அந்த அதிர்வைத் தின்றுவிடுகிறது. என்னுடையதைச் சந்திக் கடைத் தராசில் வைத்தேன், 142 கிராம். அடியில் ஆணியால் கீறினால் சாம்பல் வெள்ளையாக, பென்சில் கோடு மாதிரிக் கீறல் விழுந்தது.

ஏ9 வீதியோரம் லாண்ட்மாஸ்டருக்கும் உழவு இயந்திரத்துக்கும் சாமான் கடையும் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அந்த அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய அக்சில் துண்டில் கடையலாமா என்று கேட்டேன். "அது சூடேத்தி இறுக்கின இரும்பு தம்பி, துளை போட்டா என்ர பிற் எல்லாம் முறியும்" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டை மென்னுருக்குச் சட்டத்தை எடுத்தார். இரண்டு பின்னேரம் எடுத்தது. அவர் கடைந்து தந்த கட்டி 270 கிராம்.

பூட்டிய அன்று முற்றத்து மாமரத்துக்குக் கீழே இருந்து மூன்றாம் தந்தியை 12ஆவது பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பிடித்துத் தட்டினேன். முன்பு ஏழு எண்ணுவதற்குள் அடங்கும் சுரம் பதினொன்று வரை நின்றது. தந்தி புதிது, அதனால்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அடுத்த நாள் அதே புதுத் தந்தியோடு பழைய நாகக் கட்டியைத் திரும்பப் பூட்டிப் பார்த்தேன். எட்டோடு நின்றுவிட்டது. உருக்கைத் திரும்பப் போட்டேன், பதினொன்று. அடித்தந்தியின் சத்தமும் மாறியிருந்தது. முன்பு மெத்தையில் விழுந்த தேங்காய் மாதிரி இருந்தது, இப்போது கோவில் மணியின் அடிக்குரல் மாதிரிக் கிடக்கிறது. அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை சித்தப்பா.

ஆனால் ஒரு கரைச்சல். துளைகள் இரண்டு அளவாக இருக்க வேண்டும், கீழே குண்டு முனை போக அகலமாக, மேலே தந்தி மட்டும் வர ஒடுக்கமாக. முதலாம் தந்தியின் துளை அரை மில்லிமீற்றர் விலகிவிட்டது. தந்தி, கட்டிக்கு மேலே பூட்டியிருக்கும் மேல்தகட்டின் விளிம்பில் உரசி, அதே இடத்தில் அறுகிறது. மூன்று கிழமையில் நான்கு தந்தி. வாங்குவதற்கு யாழ்ப்பாணம் போய் வர ஒரு நாள். அண்ணையில் பிழை இல்லை. இதற்கென்று செய்த பொறியில் போட வேண்டிய துளை அது.

ஆகவே அங்கே செய்து விற்கும் உருக்குக் கட்டி ஒன்று வேண்டும். அளவில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள், தயவுசெய்து கவனமாகப் பாருங்கள். பழைய அமெரிக்க அளவில் தந்திக்குத் தந்தி ஏறக்குறைய 11.3 மில்லிமீற்றர். என்னுடையது ஒடுக்கமானது, 10.5. பட்டறை அண்ணையின் வேணியர் இடுக்கிமானியால் மூன்று தரம் அளந்தேன். உடல் மரத்தின் தடிப்பு 40 மில்லிமீற்றர்தான், வழக்கமான 45 இல்லை. எனவே கட்டியின் உயரம் 36க்கு மேல் போனால் பின்மூடிக்கு வெளியே தள்ளி நிற்கும். கைப்பிடி இறங்கும் துளையின் புரி எம்6. அமெரிக்கப் புரி வந்தால் என் கைப்பிடி பூட்டாது. மேல்தகட்டோடு கட்டியைப் பிடிக்கும் மூன்று திருகாணித் துளைகளையும் கடதாசியில் வைத்துப் பென்சிலால் வரைந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், கடைக்காரரிடம் காட்டுங்கள். பித்தளையும் இருக்கும், இன்னும் பாரம், விலையும் கூட. என் காதுக்கு உருக்கு போதும்.

இதைப் போட்டால் சுருதி கலையாது என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். சுருதி கலைவது பெரும்பாலும் தலைப்பக்கத்து நட்டின் (கழுத்து முடியும் இடத்தில் தந்திகள் தங்கும் சிறு துண்டு) வெட்டில் தந்தி சிக்குவதால். அதை நான் பென்சில் கரி பூசிச் சரிசெய்துவிட்டேன். பூட்டுகிற வேலையும் எனக்கு இப்போது கை வந்துவிட்டது. தந்தியைத் தளர்த்திய பிறகுதான் சுருள்வில்லைக் குறட்டால் கழற்ற வேண்டும், உள்ளே வில்கள் மாட்டும் கொக்கித் தகட்டில் ஒட்டியிருக்கும் நிலக்கம்பியை (எர்த் வயர்) அறுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சித்தி வருகிறா என்று அம்மா சொன்னா. அவவிடம் கொடுத்துவிடுங்கள். துருப்பிடிக்காமல் தையல் மெஷின் எண்ணெய் கொஞ்சம் தடவி, பழைய சேர்ட்டில் சுற்றி, பெரிய பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். கைப்பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் இந்த இரும்புக் கட்டி என்ன என்று சித்தியை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள்.

பூட்டிய அன்றே உங்களுக்கு எடுக்கிறேன். போனைக் கிற்றாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மூன்றாம் தந்தியைத் தட்டுகிறேன். எத்தனை வரை போகிறது என்று அங்கிருந்து நீங்கள் எண்ணுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்