வாசலோரத் தட்டில் இருக்கும் புதுச் சாமான்கள் பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை மத்தியானம் வந்து, கடை பூட்டியிருந்ததைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் மன்னிக்க வேண்டும். ரொறன்ரோவின் எற்றோபிக்கோ பக்கம் ஒரு பெரிய பூங்காவில் கரீபியன் சாப்பாட்டு விழா நடந்தது. கடையில் நிற்கும் ஐந்து பேரும் போயிருந்தோம். வாசலோரம் புதுக் கரீபியன் சாமான்களோடு ஒரு தட்டு வந்ததும் அதனால்தான். "இது எங்கட சாமான் இல்லையே, ஏன் வைச்சிருக்கிறீங்கள்?" என்று சிலர் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

பூங்காவுக்குள் கால் வைக்கும் முன்பே புகை வந்துவிட்டது. எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, கீழே கரி போட்டு, மேலே கம்பித்தட்டில் ஜமேக்காவின் ஜேர்க் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி மேடையில் ஸ்டீல்பான் வாசித்தார்கள். அதுவும் திரினிடாட்டில் எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து பிறந்த வாத்தியம்தான். எறிய வேண்டிய பீப்பாயில் ஒரு தீவு இசையையும் இன்னொரு தீவு சமையலையும் கண்டுபிடித்திருக்கிறது. வெகுநேரம் அங்கேயே நின்றோம்.

அப்புறம் டபிள்ஸ் விற்ற ஒரு திரினிடாட் அம்மாவிடம் போனோம். மஞ்சள் போட்டுப் பொரித்த மெத்தென்ற இரண்டு பரா ரொட்டிக்கு நடுவில் கடலைக்கறி. தமிழ்க் கடை வைத்திருக்கிறோம் என்றதும், "கரப்புலே இருக்கிறதா?" என்று கேட்டார். எங்களுக்கு விளங்கவில்லை. கைப்பேசியில் படம் காட்டினார். கறிவேப்பிலை!

1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வட இந்தியர். மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் கறிச்சட்டிக்குள் இந்த ஒரு சொல் தப்பிப் பிழைத்திருக்கிறது. அது தமிழ்ச் சொல் என்று அந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் கண்ணும் கலங்கிவிட்டது.

சரி, தட்டுக்கு வருவோம். உங்களில் பலர் தேடி வந்து வாங்கும் ஈரப்பலாக்காய் எப்போதுமே கரீபியன் தீவுகளிலிருந்துதான் நமக்கு வருகிறது. தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு மலிவான உணவாகட்டும் என்று, தஹிட்டியிலிருந்து அந்த மரக்கன்றுகளைக் கப்பலில் ஏற்றி 1793இல் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஜமேக்காக்காரர்கள் கலலூ என்பது நம் முளைக்கீரை இனம். திரினிடாட்டின் போடி நம் பயிற்றங்காய். இவற்றுக்கு இனி இரண்டு பெயரையும் எழுதி வைக்கிறோம்.

பிமென்டோவை மசாலாக் கலவை என்று நினைக்க வேண்டாம். அது ஒரு மரத்தின் காய்ந்த காய். பெரிய மிளகு போல இருக்கும். முகர்ந்தால் கராம்பு, கறுவா, சாதிக்காய் மூன்றும் மணக்கும். ஆட்டிறைச்சிக்கு நாலைந்து போதும். ஜமேக்காக் கறித்தூள் நம்முடையது போல வறுத்து இடித்தது இல்லை, அதில் மஞ்சளும் அதிகம். எண்ணெயில் முதலில் போட்டு வதக்காவிட்டால் பச்சை வாசம் போகாது.

ஸ்கொட்ச் பொனற் மிளகாயில் மட்டும் கவனம். அதன் வாசம் எங்களுக்கு மிகப் பிடிக்கும், ஆனால் உறைப்பு நம் பச்சைமிளகாயை விடப் பல மடங்கு. வெட்டாமல் முழுதாகத் தேங்காய்ப்பால் சோற்றில் மிதக்க விட்டு, உடையாமல் எடுத்துவிடுங்கள். ஜமேக்கா வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அக்கி என்ற ஜமேக்காப் பழத்தைத் தகரப்பேணியில் மட்டுமே விற்போம். அந்தப் பழம் தானாக வெடித்துத் திறக்கும் முன் பறித்தால் நஞ்சு. அதனால் யாராவது பச்சையாகக் கொண்டுவந்து தந்தால் சமைக்க வேண்டாம்.

ஈரப்பலாக்காய் இந்த வியாழக்கிழமை வரும். அந்த அம்மாவும் அன்றைக்குக் கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கென்று இரண்டு கட்டுக் கறிவேப்பிலை எடுத்து வைத்திருக்கிறோம். நீங்கள் அந்த நேரம் கடையில் நின்றால் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து நாங்கள் ஐவரும்
ஸ்காபரோ