மூன்றாம் நாள் மண்வெட்டி

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். படிப்பும் எழுத்தும் கூடாது என்று மருத்துவர் கட்டளை. அதனால்தான் பதில் தாமதம். இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. கூடவே வீட்டு மூலைகளில் இருக்கும் ஒட்டடையும் தெரிகிறது, அதுதான் தொல்லை. உன் சங்கத்தில் பால் பணப் பட்டுவாடா தள்ளிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தாயே, தீர்ந்ததா? தலைவர் பதவி கேட்டு வாங்கியவள் நீ, அனுபவி.

நவம்பர் 14 அன்று கூட்டுறவு வார விழாவில் பேசுவதற்கு ஓர் ஆப்பிரிக்கப் பழமொழி பொருத்தமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறாய். நீயே ஒன்றைத் தேர்ந்தும் வைத்திருக்கிறாய்: "வேகமாகப் போக வேண்டுமானால் தனியாகப் போ, வெகுதூரம் போக வேண்டுமானால் சேர்ந்து போ." அதை விட்டுவிடு, மரகதம். 2007இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் ஆஸ்லோ மேடையில் இதைச் சொன்னார். இன்று கம்பெனிக் கூட்டங்களிலும் காலண்டர்களிலும் அதுதான். எந்த மக்கள், எந்த மொழியில் சொன்னது என்று கேட்டுப் பார், ஊர் பேர் சொல்ல ஆள் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் கண்டம் அது. "ஆசியப் பழமொழி" என்று எவராவது ஆரம்பித்தால் நாம் விடுவோமா?

"ஒரு பிள்ளையை வளர்க்க ஓர் ஊரே வேண்டும்" என்பதும் இதே வகை. 1996இல் ஹிலாரி கிளின்டன் அதைத் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக்கிய பிறகு உலகமெங்கும் பரவிவிட்டது. ஆனால் இதற்காவது உறவுக்காரர்கள் உண்டு. உகாண்டாவின் புன்யோரோ மக்கள், பிள்ளை ஒரே வீட்டில் வளர்வதில்லை என்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் "ஒற்றைக் கை பிள்ளை வளர்க்காது" என்று உண்டு.

அந்தக் கையைக் கவனி. விலாசம் உள்ள பழமொழிகளைத் தேடிப்போனால் கையும் விரலும் சுமையும்தான் வருகின்றன. நைஜீரியாவின் யொரூபாக்கள் சொல்வது: ஒற்றைக் கையால் சுமையைத் தலைக்கு ஏற்ற முடியாது. அவர்களுடைய இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும்: "குழந்தையின் கை பரணுக்கு எட்டாது, பெரியவர் கை சுரைக்குடுக்கைக்குள் நுழையாது." பேரனைக் கட்டிலுக்கு அடியில் உருண்ட மாத்திரையை எடுக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. பிறகு பேன். ஒற்றை விரலால் பேன் நசுக்க முடியாது என்று சுவாஹிலிக்காரரும் சொல்கிறார், மலாவியின் செவாக்காரரும் சொல்கிறார், ஜிம்பாப்வேயின் ஷோனாக்காரரும் சொல்கிறார். எல்லாம் ஒரே பாந்து மொழிக் குடும்பம். சொத்து பிரிந்தபோது பேனையும் பங்கு போட்டுக்கொண்டார்கள் போலும். மதிய உணவுக்கு முன்னால் உன் பேச்சு இருந்தால் இது வேண்டாம்.

எத்தியோப்பியாவில் "சிலந்தி வலைகள் ஒன்றுசேர்ந்தால் சிங்கத்தையும் கட்டும்" என்று அம்ஹாரிக் மொழியில் சொல்வார்கள். கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் அங்கே அந்த வலை உண்மையில் எப்படி இருக்கிறது என்றால், 'இத்திர்' என்று அக்கம்பக்கத்தார் வைத்திருக்கும் சங்கம். மாதாமாதம் சந்தா. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தலும் பெஞ்சும் பாத்திரமும் இத்திரிலிருந்து வரும், ஆட்களும் வருவார்கள்.

இந்த மாதிரி வாக்கியங்கள் எங்கே பிறந்தன என்றும் கேட்டிருந்தாய். பெரும்பாலும் வழக்குப் பேசும் இடத்தில், வேலை செய்யும் இடத்தில். கானாவின் அக்கான் மக்களிடம் அரசர் சபையில் நேரடியாகப் பேசுவதில்லை. ஒக்யாமே என்ற பேச்சாளர் வழியாகத்தான் பேச்சு. அவர் கைத்தடியின் உச்சியில் தங்கத் தகடு போர்த்திய மரச் சிற்பம் இருக்கும், அது ஒரு பழமொழி. பல தலைகள் செதுக்கிய தடி என்றால், "ஒற்றைத் தலை ஆலோசனைக்குப் போகாது." சபையில் ஒருவர் தானே முடிவு எடுக்கத் துடிக்கும்போது அந்தத் தடியைப் பார்த்தால் போதாதா? 1879இல் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மன் பாதிரியார் அக்கான்களின் ட்வி மொழியில் 3,600 பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டார். பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் யார் யாரைப் பார்த்து, எந்தச் சண்டையில் சொன்னார்கள் என்பது அச்சில் ஏறுவதில்லை. அது போய்விட்டால் மிஞ்சுவது காலண்டர் வாசகம்தான்.

உனக்கு நான் பரிந்துரைப்பது வேறு. நாங்கள் தான்சானியாவின் மோஷியில் இருந்த எண்பதுகளில், பள்ளி விடுதிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் தன் தம்பியைப் பார்த்து இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "ம்கேனி சிகு ம்பிலி, சிகு யா தாது ம்பே ஜெம்பே." விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. தம்பி அதற்குள் ஒரு மாதம் தங்கியிருந்தான்.

தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே 1962இல் 'உஜமா', அதாவது எல்லோரும் ஒரே குடும்பம் என்ற சோஷலிசம் பற்றி எழுதிய கட்டுரையில் இதே பழமொழியை எடுத்துக்காட்டுகிறார். அந்தக் காலத்து விருந்தாளி, வீட்டுக்காரர் கொடுக்கும் முன்னரே மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வான் என்கிறார். பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1967இல் அந்தச் சோஷலிசத்தை நாட்டுக் கொள்கையாக அறிவித்த அருஷா பிரகடனம். எழுபதுகளில் லட்சக்கணக்கானவர்களைக் கட்டாயமாகக் கூட்டுக் கிராமங்களுக்கு இடம்பெயர்த்தார்கள். 1976இல் கூட்டுறவு ஒன்றியங்களையே அரசு கலைத்துவிட்டது! மோஷியில் சாக்கா இனக் காப்பி விவசாயிகள் 1933 முதல் நடத்திவந்த ஒன்றியமும் அதில் போயிற்று. ஒன்றியங்களை மீண்டும் அனுமதிக்கும் சட்டம் 1982இல்தான் வந்தது. நல்ல மனிதர் நைரேரே, அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் மண்வெட்டியை வீட்டுக்காரர் நீட்டுவதற்கும் அதிகாரி நீட்டுவதற்கும் உள்ள தூரத்தை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

அதே சாக்காக்கள் கிளிமஞ்சாரோ சரிவில் தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் வெட்டி வாழைக்கும் காப்பிக்கும் தண்ணீர் கொண்டுவந்தவர்கள். வாய்க்கால் தூர்வாரும் நாளில் பாசன வீடுகள் எல்லாம் வர வேண்டும், வராதவருக்கு அபராதம். நம் பக்கத்துக் குடிமராமத்தைப் போலத்தான். உன் உறுப்பினர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். தீவன மானியம் வரும்போது மட்டும் சங்கத்துப் பக்கம் தலைகாட்டுகிறவர்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். மேடையில் மண்வெட்டிப் பழமொழியைச் சொல்லும்போது தான்சானியா, சுவாஹிலி என்று பெயரோடு சொல். வெறுமனே "ஆப்பிரிக்கப் பழமொழி" என்று சொன்னால் நான் கேள்விப்படாமல் போக மாட்டேன்.

தைக்கு இங்கே வருகிறாயா? வந்தால் இரண்டு நாளோடு கிளம்பிவிடாதே. தோட்டத்தில் வேலை நிறையக் கிடக்கிறது.

அன்புடன்,
ராஜேஸ்வரி