முற்றும் போட்ட பிறகு

ஈசூன்,
சிங்கப்பூர்.

அன்புள்ள சரசுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் பெரியவன் போனில் சொன்னபோதே விஷயம் தெரியும். அன்றைக்கே உன்னோடு பேசவும் செய்தேன். ஆனால் என்ன பேசினோம்? நீ அழுதாய், நான் அழுதேன், அப்புறம் யாரோ உன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்கள். உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் உன் வீட்டுக்காரர், என் அண்ணன், இல்லை என்பது எனக்கு மனசில் இறங்கியது.

அண்ணனோடு நான் பழகியது கொஞ்ச நாள்தான். நாங்கள் ஊர்ப்பக்கம் வந்து மன்னார்குடியில் உன் வீட்டில் தங்கியபோது, சாயங்காலம் ஹரித்ராநதிக் கரையோரம் எங்களை நடக்கக் கூட்டிப்போனார். "சிங்கப்பூருக்கு இவ எழுதற லெட்டரைக் கொண்டுபோய்ப் போடறதுதான் கல்யாணம் ஆனதிலேர்ந்து எனக்கு வேலை" என்று சொல்லிச் சிரித்தார். இந்தக் கடிதத்தை யார் கொண்டுபோய்ப் போட்டார்கள்? உறையைக் கையில் வாங்கியதும் முதலில் அதைத்தான் நினைத்தேன். நீயே நடந்து போயிருப்பாய்.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய், புத்தகத்தை எடுத்தால் வரி ஓடமாட்டேன் என்கிறது என்று. அதிலும் நாம் அந்தக் காலத்தில் விழுந்து விழுந்து படித்த மாதிரிக் கதை என்றால் தொடவே பயமாக இருக்கிறது, வீட்டிலேயே நடந்துவிட்ட பிறகு கதையில் வேறு எதற்கு அழ வேண்டும் என்று. மற்ற சேதிகளுக்கு நிதானமாகப் பதில் எழுதலாம். இதற்கு மட்டும் இன்றைக்கே எழுத வேண்டும் போலிருக்கிறது. இவர் போன புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

1971-இல் நீ கப்பல் ஏறும்போது என்னிடம் விட்டுப்போன பைண்டு புத்தகம் நினைவிருக்கிறதா? வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு உன் அம்மா ஒட்டி வைத்தாரே, அது. நம் அப்பாக்கள் வேலை பார்த்த செம்பவாங் நேவல் பேஸை, அந்தக் கடற்படைத் தளத்தை, காலி செய்யப்போகிறோம் என்று வெள்ளைக்காரன் 1968 தொடக்கத்தில் அறிவித்ததிலிருந்து நம் குடியிருப்பு லைனில் வீடு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. யாருக்குக் குடியுரிமை இருக்கிறது, யாருக்குக் கப்பல் பட்டறையில் மறுபடி வேலை கிடைக்கும், யார் ஊருக்குப் போகவேண்டியிருக்கும் என்பதுதான் குழாயடியில் எந்நேரமும் பேச்சு. உன் அப்பா ராஜுலா கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வந்த அன்று உங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பெட்டியில் இடமில்லை என்று அந்தப் புத்தகத்தை என் கையில் திணித்தாய். அதற்குப் பிறகு நான் எத்தனை வீடு மாறினாலும் அது கூடவே வந்தது. ஆனால் எடுத்துப் படித்ததில்லை. இருக்கிறது என்பதே போதும் என்றிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், தாதிமை படிக்கிறாளே, அவள். இவருக்குக் கண்ணில் பிரஷர் வந்து பார்வை மங்கிய சமயம் அவள் உயர்நிலை இரண்டில் இருந்தாள். தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு வாசித்துப் பழகட்டும் என்று அவள் அம்மா அனுப்பிவைத்தாள். தினமும் தமிழ் முரசு பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு இவருக்கு வாசித்துக் காட்டுவாள். இவருக்குச் செய்தி தெரியும், அவளுக்குப் பயிற்சி. பரீட்சை முடிந்தும் அவள் வருவதை நிறுத்தவில்லை. கீழே கோப்பிக்கடையில் இவர் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கொசோங்கோடும் அவள் ஐஸ் மைலோவோடும் உட்கார்ந்திருப்பார்கள். இவர் பட்டறையில் கிரேன் ஓட்டிய கதையைச் சொல்வார், அவள் வகுப்பில் யாரோடு சண்டை என்று சொல்வாள். பெற்ற பிள்ளைகளிடம் இவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. இவரை மண்டாய் தகனக்கூடத்துக்குக் கொண்டுபோன அன்று அவள் பள்ளிக்கூடத்திலிருந்து சீருடையோடு நேரே வந்து நின்றாள். உறவுக்காரர்கள் யார் இந்தப் பெண் என்று கேட்டார்கள். இவரோட சிநேகிதி என்றேன். வேறு என்ன சொல்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு காலியானதும்தான் எனக்கு உண்மையான கஷ்டம் தொடங்கியது. உனக்கும் இப்போது அந்தக் கட்டமாகத்தான் இருக்கும். போனில் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் "சாப்பிட்டியா" என்று கேட்பார்கள், நானும் ஆச்சு என்பேன். அடுப்பு மூட்ட மனசு வராது, மேசையில் உட்காரவும் பிடிக்காது. சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டே ரொட்டியை மைலோவில் தோய்த்துத் தின்றுவிட்டு விளக்கை அணைத்துவிடுவேன். ஒருநாள் அந்தப் பெண் வந்து, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க பாட்டி?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் ஆச்சு என்று சொல்லித் தப்ப முடியுமா? ரொட்டி என்றேன். அதற்கு முந்தின நாள்? அதுவும் ரொட்டிதான். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு அவள் அம்மா கொடுத்த குழம்புக் கிண்ணத்தோடு வந்து, நான் சோறு வைக்கும்வரை வாசலிலேயே நிற்பாள்.

அலமாரியில் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். "இதை வாசிக்கட்டுமா பாட்டி?" என்றாள். வேண்டாம், அது அழுகைக் கதை என்றேன், நீ எனக்கு எழுதியிருக்கும் அதே பயத்தில். சரி, கதையை வாசிக்கலை என்று சொல்லிவிட்டு அவள் பக்கங்களின் பின்புறத்தை வாசிக்க ஆரம்பித்தாள். கூந்தல் தைல விளம்பரம், பாதியில் அறுந்துபோன துணுக்கு, மேஷம் ரிஷபம் இரண்டு ராசிக்கு மட்டும் வார பலன், ஏதோ ஊர் வாசகியின் கடிதத்தில் நாலு வரி. ஒரு பக்கத்து ஓரத்தில் உன் அம்மா பென்சிலில் பால் கணக்கு எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே அவர் விரலில் இருந்த மஞ்சள் ஒட்டி, இப்போது பழுப்பாகிக் கிடக்கிறது. ரேகைகூடத் தெரிகிறது, சரசு. "இது யார் கை?" என்று அவள் கேட்டாள். உன் அம்மாவைப் பற்றிச் சொன்னேன், லைனைப் பற்றி, கப்பலைப் பற்றி, உன்னைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் கதைக்குள் போகவே பல ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

கதையில் வரும் அந்தப் பெரியம்மாவை உனக்கு மறந்திருக்காது. செத்துப்போன சிநேகிதியின் மகளை எடுத்து வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, தான் ஆசைப்பட்டது அந்தச் சிநேகிதியின் அண்ணனைத்தான் என்பதைக் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லாமலே கண்ணை மூடுவாளே. நீயும் நானும் கடைசி வாரத்துப் பக்கத்தைப் படித்துவிட்டு அழுத அழுகையில் உன் அம்மா எந்த வீட்டில் இழவோ என்று ஓடிவந்தார்.

இந்தப் பெண்ணுக்கு அங்கே அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அவங்க ஏன் வாயைத் திறக்கவே இல்லை?" என்றாள். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படியெல்லாம் சொல்லிவிட முடியாதம்மா, நாங்களே வீட்டுக்காரரிடம் அன்பு என்று வாயால் சொன்னதில்லை என்றேன். "சரி, அவங்க சொல்லலை. அந்தப் பொண்ணாவது கேட்டிருக்கலாம்ல? அத்தனை வருஷம் ஒரே வீட்டில இருந்திருக்கா. நீங்க யாரையாவது விரும்பினீங்களான்னு ஒரு தடவைகூடக் கேட்கலையே" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நாம் பெரியம்மாவின் மௌனத்துக்காகத்தான் அழுதோம். அந்த மகள் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றவே இல்லை, இல்லையா? நான் என் அம்மாவிடம் கேட்டதில்லை. நீ உன் அம்மாவிடம் கேட்டாயா? அவருக்குள்ளும் என்னென்னவோ இருந்திருக்கும்.

அவள் அழுதது வேறு இடத்தில். நடுவில் ஒரு சின்னக் கட்டம் வருகிறது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் ராத்திரி, பெரியம்மா அந்தப் பெண்ணின் பாவாடை மடிப்பைப் பிரித்து, பழைய மடிப்பு இருந்த கோடு தெரியாமலிருக்க ஈரத்துணி வைத்துத் தேய்த்து, நீளத்தை இறக்கித் தைப்பாள். பத்து வரிகூட இருக்காது. நாம் அதைத் தாண்டிப் போயிருப்போம். இவள் அந்த இடத்தில் வாசிக்க முடியாமல் நிறுத்திவிட்டாள். "தாத்தா வருஷா வருஷம் என் சைக்கிள் சீட்டை ஏத்திக் கொடுப்பாரு பாட்டி. வளர்ந்துக்கிட்டே போறியேன்னு திட்டிக்கிட்டே ஸ்பேனரை எடுப்பாரு" என்றாள். எனக்கு இது தெரியவே தெரியாது. இவர் கண் தெரியாமல் தடவித் தடவி நட்டைத் திருகியிருக்க வேண்டும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். அதற்குப் பிறகு என் நெஞ்சில் இருந்த அடைப்பு கொஞ்சம் இளகியது. பொய்யில்லை.

அழுகைக் கதை என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் சாவுக் கட்டத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். சாவை எழுதுவது பெரிய காரியம் இல்லை. மழை பெய்யும், கரண்ட் போகும், யாரோ ஓடிவந்து கதவைத் தட்டுவார்கள். பாவாடை மடிப்பை இறக்குவதை எழுத, அப்படித் தைத்த ஒருத்தியைக் கூடவே இருந்து பார்த்திருக்க வேண்டும். அந்தக் கதைகளில் நான் நம்புவது அந்தப் பத்து வரியைத்தான். அண்ணன் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தாரே, அதுவும் அந்தப் பத்து வரியில் சேர்த்திதான்.

ஆனால் அந்தக் கதைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததும் இவள், "அன்னைக்கு ராத்திரி அந்தப் பொண்ணு என்ன சாப்பிட்டிருப்பா?" என்று கேட்டாள். நாம் படித்த எந்தத் தொடர்கதையும் அதைச் சொன்னதில்லை. முற்றும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு அதற்குப் பிறகுதான் எல்லாமே இருக்கிறது. மத்திய சேமநிதிக் கடிதம், மிச்சம் மீந்த மாத்திரை அட்டை, இவர் பெயருக்கே கண் பரிசோதனைக்கு வரச்சொல்லி வந்த குறுஞ்செய்தி. வாசலில் கிடந்த செருப்பை எடுக்கவா வேண்டாமா என்று நான் எவ்வளவு நாள் யோசித்திருப்பேன்!

அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. பெரியம்மா செத்த மறுநாள் காலையிலிருந்து கதையை அவளே எழுத ஆரம்பித்துவிட்டாள். மகள் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறாள், பிறகு அந்த அண்ணனைத் தேடிப்போய், கேட்காமல் விட்டதை அவரிடம் கேட்கிறாள். போனிலேயே தட்டச்சு செய்து எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். றகர ரகரம் தடுமாறும், நான் திருத்துவேன். நாம் படித்த மாதிரித் தமிழ்ப் பள்ளி இப்போது இங்கே கிடையாது. உமறுப் புலவர் பள்ளிதான் கடைசியாக இருந்தது, 1982-இல் அதையும் மூடிவிட்டார்கள். தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்த பிள்ளை இப்படி எழுதுகிறது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்கிறாள். முதலில் முரசுக்கு அனுப்பு என்றேன். சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய பத்திரிகை, நம் வீடுகளில் எழுத்துக்கூட்டிப் படித்தது, அதில் அவள் பெயர் வந்தால் இவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

நம் பக்கத்துச் சேதியும் கேட்டிருந்தாய். செம்பவாங் பக்கத்துக் கேன்பராவில் எம்ஆர்டி ரயில் நிலையம் வந்துவிட்டது, 2019-இல். வெந்நீர் ஊற்றைப் பூங்காவாக்கித் திறந்திருக்கிறார்கள், சனம் குடும்பம் குடும்பமாக வந்து முட்டை வேகவைக்கிறது. அவளை அங்கே கூட்டிப்போய் உட்காரவைத்து, நீயும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய வழியைச் சொன்னேன். மரத்தடியில் இருந்த நம் முருகன் ஈசூனில் பெரிய கோயிலாக இருக்கிறான். பங்குனி உத்திரத்துக்கு உன் பெயரில் ஒரு பால்குடம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ உடனே புத்தகம் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தின் பின்புறத்திலிருந்து தொடங்கு. அந்தப் புத்தகத்தைத் தபாலில் அனுப்ப எனக்குத் தைரியமில்லை, அதனால் அவள் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் பேத்தி போனுக்கு அனுப்பப்போகிறாள். அம்மாவின் பால் கணக்குப் பக்கத்தை முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பேத்தியை விட்டு வாசிக்கச் சொல். நடுவில் அவள் எதையாவது கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லு.

மெட்ராசுக்கு வந்துவிடு என்று பெரியவன் கூப்பிடுவதாக எழுதியிருந்தாய். அவன் பாசத்தில்தான் கூப்பிடுகிறான். ஆனால் வருஷம் திரும்பும்வரை எந்த முடிவும் எடுக்காதே, வீட்டை விற்கிற பேச்சை யாரையும் எடுக்கவிடாதே. மூட்டு வலிக்கு டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

பதில் போடும்போது ராத்திரி என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது. சாப்பிட்டேன் என்று எழுதாதே, என்ன என்று எழுது.

உன்,
பார்வதி