மீன் தின்பதைக் காட்டிவிட்டு விற்பீர்களா?

கடல் மீன் விற்கும் கடைக்காரர்களுக்கும், அவர்களுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கும் வணக்கம்.

மாண்டரின் மீன் இருக்கும் தொட்டியைத் தாண்டி யாரும் சும்மா போய்விடுவதில்லை. நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள் வளைந்து நெளிய, விரல் நீளமே உள்ள அது கல்லுக்குக் கல் தத்திப் போவதைப் பார்த்தால் வாங்காமல் வர மனசு வராது. வாங்க வந்தவர் முதலில் விலை கேட்பார். அடுத்து, மற்ற மீன்களோடு சண்டை போடுமா என்பார். போடாது என்பீர்கள். அது உண்மைதான். என்ன தின்னும் என்று அவரும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. எனக்கு உங்களிடம் பேச இருப்பது அதைப் பற்றித்தான்.

மாண்டரின் பகல் முழுக்கக் கல்லையும் மணலையும் கொத்திக்கொண்டே இருக்கும். தேடுவது கோப்பிபாட் எனப்படும், கண்ணுக்கு வெறும் புள்ளியாகத் தெரியும் உயிருள்ள சிற்றுயிரிகளை. கடலில் பிடித்து வந்த மாண்டரின், உறைந்த இறாலையும் குருணைத் தீவனத்தையும் பெரும்பாலும் சீந்தாது. பல மாதம் ஓடி, சிற்றுயிரிகள் குடியிருக்கும் கடல் கல்லான லைவ் ராக் நிறைந்து, கோப்பிபாட் தானாகப் பெருகும் தொட்டியில்தான் அது பிழைக்கும். புதுத் தொட்டியில் இருப்பதைச் சில நாளில் தின்று தீர்த்துவிட்டு, பிறகு பட்டினிதான். கொடுமை என்னவென்றால், பட்டினி கிடக்கும் மாண்டரினின் நிறம் சட்டென்று மங்குவதில்லை. மேலிருந்து பார்த்தால்தான் தலைக்குப் பின்னால் முதுகு ஒடுங்கியிருப்பதும், பக்கவாட்டில் வயிறு உள்வாங்கியிருப்பதும் தெரியும். செத்த பிறகு ஏதோ நோய் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த மாதம் இன்னொன்று வாங்க உங்களிடமே வருவார். இதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு, படித்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மீன் நேற்று வந்ததா, போன வாரம் வந்ததா, வந்ததிலிருந்து எதையாவது வாயில் வைத்ததா என்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. அது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: விற்பதற்கு முன் எங்கள் கண்முன் தீவனம் போடுங்கள். மீன் வந்து எடுத்தால் விற்றுவிடுங்கள். எடுக்காவிட்டால் எடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

சில மீன்களை இந்தச் சோதனைக்கே கொண்டுவர வேண்டாம். பட்டாம்பூச்சி மீன்களில் ஆர்னேட், செவ்ரான் போன்றவை உயிருள்ள பவளத்தைத் தவிர வேறு எதையும் உணவாக நினைப்பதில்லை. வீட்டுத் தொட்டியில் அவற்றின் பசியை யாரால் ஆற்ற முடியும்? பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கிப் பிழைக்கும் க்ளீனர் ராஸ் கதையும் ஏறக்குறைய இதுதான். வேறு தீவனத்துக்குப் பழகிய ஒன்றிரண்டு இருக்கலாம், ஆனால் அதை நம்பி வியாபாரம் செய்வது நியாயமில்லை. இவற்றை வரவழைப்பதையே நிறுத்துங்கள். கேட்பவர் இருக்கிறாரே என்றால், அவருக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

அடுத்து, பை. பயணப் பையில் மீன் மூச்சுவிட விட கரியமில வாயு சேர்ந்து நீரின் பி.எச். (அமில-கார அளவு) இறங்குகிறது. மீன் வெளியிடும் அம்மோனியாவும் அதே நீரில்தான் சேர்கிறது. பி.எச். இறங்கியிருக்கும் வரை அதில் பெரும்பங்கு அதிகம் தீங்கில்லாத அம்மோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். நெடுநேரம் பையில் கிடந்த மீனை, திறந்த பையிலேயே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் விட்டுப் பழக்கச் சொல்வது அதன் செவுளைக் கருக்குகிற யோசனை. பெட்டியில் வந்திறங்கிய சரக்கை நீங்கள் அன்றைக்கே அதே பையோடு விற்கும்போது நடப்பது இதுதான்.

உப்பளவும் அப்படித்தான். ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்புச் செலவைக் குறைக்கவும் பல கடைகள் அடர்த்தியை 1.018 அளவில் வைத்திருக்கின்றன. பவளம் வளர்ப்பவர் வீட்டில் 1.025 இருக்கும். நீங்கள் வைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியை முன்கூட்டியே அதே அளவுக்குக் கலந்து வைத்து, வெப்பத்தை மட்டும் சமன்செய்து மீனை உடனே இறக்கிவிடலாம். ஏற்றுவதைப் பிறகு நாள் கணக்கில் மெதுவாகச் செய்யலாம். உங்களுக்கு இது ஒரு வரி எழுதுகிற வேலைதான்.

தனிமைத் தொட்டி பற்றி எங்கள் தரப்புக்கும் ஒரு சொல். கடல் மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோயின் ஒட்டுண்ணி, மீனை விட்டு உதிர்ந்த பிறகும் மணலிலும் கல்லிலும் கூடு கட்டி வாரக்கணக்கில் காத்திருக்கும். செம்பு மருந்து ஊற்றலாம் என்றால் அது இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். புது மீனை நேரே பெரிய தொட்டியில் விடுகிறவர் உங்களைக் குறைசொல்லத் தகுதியில்லாதவர். வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும் நீல டேங் (tang) என்னும் மீனை, குட்டியாக இருக்கிறதே என்று சின்னத் தொட்டிக்கு வாங்குகிறவரும் அப்படியே.

எப்படிப் பிடித்த மீன் என்பதைக் கேட்டால் மழுப்பாதீர்கள். சயனைடு வில்லையைக் கரைத்துப் பவள இடுக்கில் பீய்ச்சி, மயங்கி வெளியே வரும் மீனை அள்ளும் பழக்கம் பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவியது. இரண்டு நாட்டிலும் அது சட்டவிரோதம், ஆனாலும் ஒழிந்தபாடில்லை. பீய்ச்சிய இடத்தில் பவளமும் சாகிறது. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாகவே நீந்தலாம், உள்ளுறுப்பு கெட்டுப் பின்னால் சாகலாம். கைவலையில் பிடித்தது விலை கூடும். கூடட்டும், மொத்த வியாபாரியிடம் அதையே கேட்டு வாங்குங்கள்.

பண்ணையில் பிறந்த மீன் கிடைக்கிற இடத்தில் கடல் மீனை ஏன் விற்க வேண்டும்? கோமாளி மீன் பண்ணையில் பெருகத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. மஞ்சள் டேங்கை ஹவாயில் 2015இலும், நீல டேங்கை ஃபுளோரிடாவில் 2016இலும் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டிவிட்டார்கள். பண்ணை மாண்டரின்கூட உண்டு, அதில் பல உறைந்த தீவனத்தைக் கொத்தும். பாங்காய் கார்டினல் விஷயத்தில் சாக்கே கிடையாது. இயற்கையில் அது இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளை ஒட்டியே வாழ்கிறது. ஆண் மீன் முட்டைகளை வாயில் அடைகாக்கும். குஞ்சுகள் நீரோட்டத்தில் வெகுதூரம் போகாமல் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே ஒரு விரிகுடாவில் அள்ளித் தீர்த்துவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்பாது. 2007இலிருந்து அது உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். பட்டியலில் அருகிவரும் இனம். வீட்டுத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும் மீனுக்குக் கடலில் வலை வீசுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

மீன் தின்னப் பழகட்டும் என்று இரண்டு வாரம் வைத்திருந்தால் இடமும் தீவனமும் செலவு, நடுவில் செத்தால் யார் தலையில் விழும் என்ற உங்கள் கவலை புரிகிறது. அதற்கு என் யோசனை இது. எங்களுக்குப் பிடித்துப்போன மீனுக்குப் பாதி விலையை முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் போகிறோம். அது உங்கள் தொட்டியிலேயே இருக்கட்டும். தின்னத் தொடங்கியதும் கூப்பிடுங்கள், மீதியைக் கொடுத்து எடுத்துப் போகிறோம். அதற்குள் செத்துவிட்டால் முன்பணத்தில் சரிபாதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக விலையைச் சற்றுக் கூட்டினாலும் நான் பேரம் பேசப்போவதில்லை.

இப்படிக்கு,
கடல் மீன் வளர்க்கும் உங்கள் வாடிக்கையாளர்